ஆங்கிலத்தில் ஒருபொருள் குறித்த பல சொற்கள்: தெரிந்தெடுக்கும் நெறி

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களின் வழக்கினை வரையறுத்துக் கூறியுள்ளார். மூன்றும் ஒரு பொருளைத் தருமாறு கேட்டலையே குறிப்பன. ஆயினும், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் இரக்குமிடத்து 'ஈ' என்பதும், ஒப்போன் ஒப்போனிடம் கேட்குமிடத்துத் 'தா' என்பதும், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்குமிடத்துக் 'கொடு' என்பதும் மரபாம். பிற்காலத்து நன்னூலாரும் இவ்வரையறையைத் தழுவியே சென்றார். செயல் ஒன்றே, சொல்லை வேறாக்குவது கேட்போனுக்கும் கேட்கப்படுவோனுக்கும் இடையேயுள்ள உறவு. ஒரு பொருளைக் குறிப்பனவாகத் தோன்றும் சொற்கள் எவ்விடத்தும் தம்முள் மாறி வழங்கத்தக்கன அல்ல என்னும் உண்மையை இதனினும் சுருக்கமாக விளக்கல் அரிது.

இவ்வுண்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஒருபொருள் குறித்த சொற்கள் மிக்க மொழிகளுள் ஆங்கிலமும் ஒன்று. தமிழாய்வு செய்வோர் அம்மொழியைக் கையாள வேண்டிய இடங்கள் பல. ஆய்வேட்டின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுகின்றோம். சங்கச் செய்யுட்களையும் கல்வெட்டுக்களையும் மொழிபெயர்க்கின்றோம். கருத்தரங்குகளில் கட்டுரை படிக்கின்றோம். தமிழறியாத அறிஞர் ஒருவர்க்கு நாம் தேர்ந்த ஆங்கிலச் சொல்லே மூலம் ஆகின்றது. சொல் பிறழ்ந்தால் நூலே பிறழ்ந்து தோன்றும். ஆகலின் ஆங்கிலத்தில் ஒருபொருட் சொற்கள் பலவாதற்குரிய காரணத்தையும், அவற்றின் வேறுபாட்டு வகைகளையும், தெரிந்தெடுக்கும் நெறியையும் ஈண்டு ஆராய்வோம்.

தொடங்குமுன் ஒரு சொல். 'ஒருபொருட் பன்மொழி' என்னும் தொடரைச் சிலர் இப்பொருளில் வழங்குகின்றனர். அது பொருந்தாது. நன்னூலார் கருத்துப்படி, 'உயர்ந்தோங்கு' என்றாற்போல ஒரே பொருளுடைய சொற்கள் ஓரிடத்து அடுத்து நின்று சிறப்பினைத் தருவதே ஒருபொருட் பன்மொழியாகும். நாம் ஆராய்வது ஒன்று நிற்கவேண்டிய இடத்திற் போட்டியிடும் பல சொற்களை. எனவே 'ஒருபொருட் சொற்கள்' என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

1. பன்மைக்குக் காரணம்

ஆங்கிலம் செருமானியக் கிளையைச் சார்ந்த மொழி. கி. பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கலாயிற்று. திருச்சபையிலும் கல்விக்கூடங்களிலும் இலத்தீன் நின்றது. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் நூல்வழியாகப் பெருகி நுழைந்தன. இவ்வாறு ஒரு கருத்துக்கே மூன்று அடுக்குகளிற் சொற்கள் அமைந்தன.

வினவுதலைக் குறிக்க 'ஆஸ்க்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லும், 'குவெஸ்சன்' என்னும் பிரெஞ்சுவழிச் சொல்லும், 'இண்டராகேட்' என்னும் இலத்தீன்வழிச் சொல்லும் உள்ளன. முதலது எவரும் எவரையும் கேட்பது. இரண்டாவது ஐயுற்றோ முறைப்படியோ கேட்பது. மூன்றாவது அதிகாரமுடையோர் விடாது கேட்டு உண்மையை வாங்க முயல்வது. 'ரைஸ்', 'மவுண்ட்', 'அசெண்ட்' என்பனவும், 'ஹோலி', 'சேக்ரட்', 'கான்சிக்ரேட்டட்' என்பனவும் இவ்வாறே அடுக்கப்பட்டவை. அரசனைச் சார்ந்தது என்னும் பொருளில் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என மூன்று உள. அரசனுக்குரிய பண்பைச் சொல்லுங்கால் முதலதும், அரசகுடியையும் அரசுரிமையையும் சொல்லுங்கால் இரண்டாவதும், தோற்றப் பொலிவைச் சொல்லுங்கால் மூன்றாவதும் பெரும்பான்மை வழங்கும். அரசக் கழகங்கள் பலவற்றின் பெயரில் 'ராயல்' நிற்றலையும், மற்றை இரண்டும் அங்ஙனம் நில்லாமையையும் ஒப்பு நோக்குக.

உயிருடன் மேயும் விலங்குக்கு 'கவ்', 'ஷீப்' முதலிய பழைய ஆங்கிலப் பெயர்களும், அதன் இறைச்சிக்கு 'பீஃப்', 'மட்டன்' முதலிய பிரெஞ்சுப் பெயர்களும் வழங்குதலை வால்டர் ஸ்காட் தம் 'ஐவன்ஹோ' புதினத்தின்வழிப் பலரும் அறியச் செய்தார். மேய்த்தவன் ஆங்கிலேயன், உண்டவன் நார்மானியன் என்பது அதன் கருத்து. ஆயின் இப்பிரிவு வென்ற அன்றே தோன்றியதன்று. பிரெஞ்சுவழிப் பெயர்கள் உயிருள்ள விலங்கையும் நெடுங்காலம் குறித்தன. பொருள்கள் தம்முட் பாகுபட்டமை மெல்ல நிகழ்ந்ததாகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்வடுக்கு புதியதன்று. நீர், சலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒரு பொருளனவே. ஆயினும் தாகத்துக்கு வேண்டுவது நீர். கோயிலிற் பெறுவது தீர்த்தம். இடம் மாறின் நகைப்பே விளையும். இரவற் சொல் வந்து சேருங்கால் பழஞ்சொல் இறத்தலும் உண்டு. இரண்டும் நின்று தம்முள் எல்லை வகுத்துக்கொள்ளலும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டாவது மிகுதி.

2. தொகுத்தலும் வேறுபடுத்தலும்

நம் நிகண்டு நூலார் ஒரு பொருட்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தந்தனர். திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. ஆங்கிலத்திற் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்' இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. அகரவரிசையைக் கொள்ளாது கருத்துவரிசையைக் கொண்டு சொற்களைத் தொகுத்தமை இரண்டிற்கும் பொது. மனப்பாடம் செய்து செய்யுள் இயற்றுவார்க்கு நிகண்டு உதவியதுபோல, எண்ணம் இருந்தும் சொல் வாராது தவிப்பார்க்கு ரோஜேயின் நூல் உதவிற்று.

வேறுபடுத்தும் நூல்கள் பிறிதொரு மரபு. பிரான்சு நாட்டு ஜிரார் 1718-இல் தம் மொழியின் ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தி நூல் செய்தார். ஆங்கிலத்தில் எஸ்தர் லிஞ்ச் பியோசி என்னும் அம்மையார் 1794-இலும், ஜார்ஜ் கிராப் 1816-இலும் இத்தகைய நூல்களை வெளியிட்டனர். அமெரிக்காவில் மெரியம் நிறுவனத்தார் 1942-இல் வெப்ஸ்டர் பெயரால் ஒருபொருட் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டனர்.

தொகுக்கும் நூலுக்கும் வேறுபடுத்தும் நூலுக்கும் உள்ள உறவு நிகண்டுக்கும் உரைக்கும் உள்ள உறவு போன்றது. நிகண்டு ஒரு வரிசையில் நிறுத்தும். உரையாசிரியர் இச்சொல் ஈண்டு ஏன் நின்றது என்று காட்டுவார். தொகுப்பு நூலை மட்டும் திறந்து, முன்பின் அறியாத சொல் ஒன்றைப் பெருமிதம் கருதி எடுத்தாளுதலே நம் ஆங்கில எழுத்திற் காணும் பிழைகளுட் பலவற்றுக்கு வாயில்.

3. வேறுபாட்டின் ஐவகை

ஒருபொருட் சொற்கள் தம்முள் வேறுபடும் திறத்தை ஐந்தாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, பொருளெல்லை. கொல்லுதலைக் குறிக்கும் 'கில்' என்பது பரந்த எல்லையுடையது. நோயும் கொல்லும், இடியும் கொல்லும். 'மர்டர்' என்பது சட்டத்துக்கு மாறாக, வேண்டுமென்றே ஒருவர் மற்றொருவரைக் கொல்லுதல். 'எக்சிக்யூட்' என்பது தண்டனையாகக் கொல்லுதல். 'அசாசினேட்' என்பது பொதுவாழ்விற் சிறந்தாரை, பெரும்பாலும் அரசியல் நோக்கத்தால், கொல்லுதல். 'ஸ்லே' என்பது செய்யுளுக்கும் பழங்கதைக்கும் உரியது. செய்தித்தலைப்பிலும் ஒரோவழி வரும்.

சிலப்பதிகாரக் கதையைச் சுருக்கி எழுதும் மாணவர் கோவலன் இறப்பை எச்சொல்லாற் குறிப்பார்? 'எக்சிக்யூட்' என்று எழுதின், கள்வனைக் கோறல் முறையெனக் கருதிய பாண்டியன் பக்கத்தை நாம் ஏற்றோம். 'மர்டர்' என்று எழுதின், அரசவையில் வழக்குரைத்த கண்ணகியின் பக்கத்துக்கும் ஒரு படி மேற்சென்று, ஆராயாது ஆணையிட்ட அரசனைக் கொலைகாரன் ஆக்கினோம். 'கில்' என்று எழுதின், எவர் பக்கமும் சாராது நின்றோம். ஆயின் ஆணை ஒன்று இருந்தமையை மறைத்தோம். கொல்லுதலைத் தண்டனையாகக் குறிக்கும் சொல்லோடு, முறை பிறழ்ந்தமையைக் காட்டும் 'ராங்ஃபுலி' என்னும் அடையைச் சேர்த்து எழுதுதலே கதைக்குப் பொருந்தும். ஆணையும் உண்டு, அது தவறும் ஆம். தன் தவற்றை உணர்ந்த அளவில் உயிர் நீத்த பாண்டியன் நிலைக்கும் அதுவே இடந்தரும். ஒரு வினைச்சொல்லைத் தேர்தலே ஒரு தீர்ப்பு வழங்குதல் ஆதல் காண்க.

இரண்டாவது, உறவு. ஈ, தா, கொடு போல ஆங்கிலத்திலும் கொடைச்சொற்கள் கொடுப்போன், பெறுவோன் நிலையைக் காட்டுவன. 'கிவ்' பொதுச்சொல். 'கிராண்ட்' என்பது வேண்டுகோளுக்கு இணங்கி, அதிகாரமுடையார் அளிப்பது. நம்புதலைக் குறிக்கும் இலத்தீன் வேர்வழிப் பிரெஞ்சின் ஊடாக வந்தது. 'பெஸ்டோ' என்பது உயர்ந்தோர் மதித்து வழங்குவது. 'கன்ஃபர்' என்பது பட்டம், உரிமை முதலியவற்றை வழங்குவது. பல்கலைக்கழகம் பட்டத்தைக் 'கன்ஃபர்' செய்யும். 'அவார்ட்' என்பது தகுதியை ஆராய்ந்து தீர்ப்பாக அளிப்பது. 'டொனேட்' என்பது ஒரு நிலையத்துக்கோ பொதுப்பணிக்கோ பொருளோ குருதியோ உதவுவது. 'டொனேஷன்' என்னும் பழைய பெயர்ச்சொல்லினின்று பின்னர் ஆக்கிக்கொள்ளப்பட்டு அமெரிக்காவிற் பரவிய வினை அது. சங்கப் புரவலன் ஒருவன் பாணனுக்கு யானையை 'டொனேட்' செய்தான் என்று எழுதின், பாணனை ஓர் அறநிலையமாக்கி விடுகின்றோம்.

மூன்றாவது, மதிப்பீடு. 'ஃபேமஸ்', 'ரினவுண்ட்', 'நொட்டோரியஸ்' என்னும் மூன்றும் பலராலும் அறியப்பட்டமையைக் குறிப்பன. முதலது பொது, இரண்டாவது புகழ்ச்சி, மூன்றாவது பழி. சிக்கனத்துக்கு 'த்ரிஃப்டி' என்பது பாராட்டு, 'ஸ்டிஞ்சி' என்பது இகழ்ச்சி. தமிழிற் புகழ், பழி என்னும் வேறுபாட்டை உணர்வார்க்கு இதனை விரித்தல் வேண்டா.

நான்காவது, நடை. 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்' என்பன தொடங்குதலைக் குறிப்பன. கடைசியது விழா அழைப்புக்கும் சட்ட ஆவணத்துக்கும் உரியது. என்றி ஃபௌலரும் அவர்தம் தம்பியும் 1906-இல் வெளியிட்ட நூலிலும், என்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட வழக்கு அகராதியிலும், வீண் பெருமிதச் சொற்களை விலக்குமாறு வற்புறுத்தினர். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரை ஒன்றிற் குறுஞ்சொல் போதுமிடத்து நெடுஞ்சொல் வேண்டா என்னும் கருத்தை நாட்டினார். இவ்வறிவுரை பெரிதும் கொள்ளத்தக்கது. ஆயினும் இலத்தீன்வழிச் சொல் எல்லாம் விலக்கத்தக்கது என்று அதற்குப் பொருளன்று. எடுத்த பொருளுக்கு அதுவே நுண்ணிதாயின் அதனையே கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, சேர்க்கை. சில சொற்கள் சிலவற்றோடே சேர்ந்து வரும். அதற்குக் காரணம் கூறல் எளிதன்று. தேநீர் 'ஸ்ட்ராங்' ஆகும், 'பவர்ஃபுல்' ஆகாது. பொறி 'பவர்ஃபுல்' ஆகும். மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. இலண்டன் பேராசிரியர் ஃபெர்த் 1950-களில் இச்சேர்க்கையைச் சொற்பொருளின் ஒரு கூறாகவே கொண்டு ஆராய வழிகாட்டினார். 1960-களில் அமெரிக்கப் பிரௌன் பல்கலைக்கழகத்திற் பத்து இலட்சம் சொற்கள் கொண்ட தரவகம் கணிப்பொறிக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 1990-களிற் பிரித்தானியத் தேசியத் தரவகம் பத்துக் கோடிச் சொற்களுடன் அமைந்தது. ஜான் சிங்க்ளேர் தலைமையிற் பர்மிங்காமில் உருவாகி 1987-இல் வெளிவந்த 'கோபில்ட்' அகராதி இத்தகைய தரவுகளையே அடிப்படையாகக் கொண்டது. இவ்வாய்வுகளால் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்றை மட்டும் குறிப்போம்: விளைவித்தலைக் குறிக்கும் 'காஸ்' என்னும் வினை, துன்பம், சேதம், நோய், சிக்கல் என்றாற்போன்ற தீயவற்றோடே மிகுதியும் சேர்ந்து வருகின்றது. எனவே பக்தி இயக்கம் தமிழிசையின் வளர்ச்சியை விளைவித்தது என்பதற்கு அவ்வினையை எழுதின், இலக்கணம் பிழையாதாயினும் ஆங்கிலச் செவிக்கு உறுத்தும். 'லெட் டு' அல்லது 'ப்ராட் அபவுட்' என்பது தகும்.

4. மூன்று எடுத்துக்காட்டுக்கள்

(அ) நந்தா விளக்கு. சோழர் கல்வெட்டுக்களிற் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்தி மிகப் பல. ஒரு விளக்குக்குத் 96 ஆடுகள் விடப்படுதலைப் பல கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். இறப்பனவற்றுக்கும் மூப்பனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் வளர்தலின் தொகை குறையாது நிற்கும் என்பது கருத்து. அதனாலேயே அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன.

இதனை ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு இரண்டு தெரிவுகள் உள. கொடை 'கிஃப்ட்' ஆகுமா, 'கிராண்ட்' ஆகுமா, 'என்டௌமெண்ட்' ஆகுமா? 'கிஃப்ட்' கொடுத்த அளவில் முடிவது. 'கிராண்ட்' அதிகாரமுடையார் அளிப்பது. அரசன் விட்ட பிரமதேயத்துக்கு அது பொருந்தும். 'என்டௌமெண்ட்' என்பது முதல் அழியாது நிற்க, வருவாய்கொண்டு ஒரு பணி நடைபெறுமாறு வைக்கும் நிதி. ஆடுகள் முதல், நெய் வருவாய். ஆகலின் மூன்றாவதே கல்வெட்டின் பொருளியல் அமைப்பை உள்ளவாறு காட்டும். வணிகர் ஒருவரோ, அரண்மனைப் பெண்டிர் ஒருவரோ வைத்த விளக்கைக் 'கிராண்ட்' என்று எழுதின் இல்லாத அரசாணை ஒன்றை நாமே படைத்தவர் ஆவோம்.

நந்தா என்பதற்கு 'கண்டினுவல்', 'கண்டினியுவஸ்', 'பெர்ப்பெச்சுவல்', 'இட்டர்னல்' என நான்கு சொற்கள் வரிசையில் நிற்கும். முதலது விட்டுவிட்டு அடிக்கடி நிகழ்வது என்றும், இரண்டாவது இடையறாது நிகழ்வது என்றும் ஆங்கில வழக்காசிரியர் வேறுபடுத்துவர். எழுதுவோர் அனைவரும் இதனைப் போற்றுவதில்லை. மூன்றாவது முடிவின்றி என்றும் நடைபெறுமாறு அமைக்கப்பட்டது. சட்டமொழியில் இதற்குத் தனி இடம் உண்டு. நான்காவது காலத்தையே கடந்தது. இறைமைக்கும் ஆன்மாவுக்கும் உரியது. நினைவுச் சின்னங்களில் எரியும் சுடருக்கும் சிறப்புக் கருதி வழங்கும். கல்வெட்டிற் குறித்த விளக்கோ நெய்யளவும் ஆட்டுத்தொகையும் வரையறுத்து அமைத்த ஏற்பாடு. எனவே 'பெர்ப்பெச்சுவல்' என்று கல்வெட்டறிஞர் கொண்ட வழக்கு மிகப் பொருத்தமானது.

(ஆ) அருள். திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் வைக்கப்பட்டன. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எவ்வுயிர்மாட்டும் செல்வது அருள் என்பது உரைமரபு. அருளை அன்பு ஈன்ற குழவியாக வள்ளுவர் உருவகித்தலும் நாம் அறிந்ததே.

இதற்கு 'பிட்டி', 'மெர்சி', 'கிரேஸ்', 'கம்பேஷன்' என்பன உரியனவாகத் தோன்றும். 'பிட்டி' இக்காலத்தில் மேலிருந்து கீழ்நோக்கும் இரக்கத்தைக் குறிப்பது. ஒரோவழி இகழ்ச்சியும் கலந்தது. இதற்கும் பத்தியைக் குறிக்கும் 'பயட்டி' என்பதற்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல் என்பது அறியத்தக்கது. ஆயினும் வேர் உயர்ந்ததாயிருத்தலால் இன்றைய பொருள் உயர்ந்துவிடாது. 'மெர்சி' என்பது தண்டிக்கும் உரிமையோ வலிமையோ உடையவன் அதனைச் செலுத்தாது விடுதல். நாம் கருணை மனு என்பதில் வரும் கருணை அது. வள்ளுவர் கூறும் அருளாளனுக்குத் தண்டிக்கும் நிலை வேண்டப்படுவதன்று. 'கிரேஸ்' என்பது தகுதி நோக்காது இறைவன் தரும் கொடை. கிறித்தவ இறையியலில் ஆழ வேரூன்றியது. 'கம்பேஷன்' என்பது உடன் துன்புறுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர்வழி வந்தது. மேல், கீழ் என்னும் நிலை அதில் முனைந்து தோன்றாது. குறளின் அருளுக்கு இதுவே மிக அணித்து.

ஆயின் சைவ சித்தாந்த நூல்களில் வரும் திருவருளுக்கு இச்சொல் போதாது. ஆண்டு அருள் இறைவனின் ஆற்றல். உயிர் தன் முயற்சியால் ஈட்டுவதன்று. அவ்விடத்து 'கிரேஸ்' என்பது பொருந்தும். ஆயினும் இரு சமயங்களின் கொள்கையும் ஒன்றே என்னும் மயக்கம் நேராதவாறு ஒரு விளக்கம் வேண்டும். ஒரே தமிழ்ச்சொல் இரு நூல்களில் இரு ஆங்கிலச் சொற்களை வேண்டி நிற்றல் இதனாற் பெறப்படும்.

(இ) இரவலர். புறப்பாடல்களிலும் ஆற்றுப்படைகளிலும் பாணர், பொருநர், கூத்தர், விறலியர் முதலியோர் புரவலரை நாடிச் செல்கின்றனர். இரவலர் என்பதை 'பெக்கர்' என்று எழுதின், தெருவிற் கையேந்தி நிற்பாரையே ஆங்கில வாசகர் காண்பார். 'மெண்டிகண்ட்' என்று எழுதின், சமய நோன்பு பூண்டு ஐயமேற்கும் துறவியைக் காண்பார். 'பெட்டிஷனர்' என்று எழுதின், விண்ணப்பத்துடன் அலுவலக வாயிலில் நிற்பாரைக் காண்பார். 'சூட்டர்' என்று எழுதின், பெண் கேட்டு வந்தவரைக் காண்பார். 'சப்ளையண்ட்' என்பது பணிந்து வேண்டுவோர் என்னும் பொருளது. அதன் இலத்தீன் மூலம் மண்டியிடுதலை உணர்த்துவது. இது பிறவற்றினும் நன்று. ஆயினும் முழுதும் பொருந்துவதன்று.

பொருந்தாமைக்குக் காரணம் சொல்லில் இல்லை, உறவில் உள்ளது. இரவலன் வறியன், ஆயினும் கலை வல்லவன். பாடிய புகழுக்கு ஈடாகவே பரிசில் பெறுகின்றான். தகுதி நோக்காது தந்த பரிசிலை மறுத்துச் செல்லும் பெருமிதமும் புலவர்க்கு உண்டு. இரத்தலும் பெருமிதமும் ஒருங்கு நிற்கும் இந்நிலைக்கு ஆங்கிலச் சமூகத்தில் நேரான நிலை இன்மையால் நேரான சொல்லும் இல்லை. இவ்விடத்துப் பாணர், புலவர் என அவரவர் கலைப்பெயரைச் சொல்லி, புரவலரை நாடி வந்தவர் என விளக்குதலே தக்கது. ஒரே ஒரு சொல்லால் உரைத்தே தீர்வேன் என்னும் விருப்பம், சங்ககாலச் சமூகம் ஒன்றன் மதிப்பையே குறைத்துவிடக் கூடும்.

5. தெரிந்தெடுக்கும் நெறி

மேற்கூறியவற்றால் துணியப்படும் நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

முதற்கண், தமிழ்ச்சொல்லின் பொருளைத் தமிழிலேயே வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். யார், யாருக்கு, எதனை, எந்நிலையில் என்னும் வினாக்களுக்கு விடை காணாமுன் ஆங்கில அகராதியைத் திறத்தல் பயனின்று.

இரண்டாவதாக, தொகுப்பு நூலினின்று சொற்களைத் திரட்டலாம். ஆயின் திரட்டிய ஒவ்வொன்றையும் மேற்கோள்களோடு கூடிய அகராதியில் ஆராய்தல் வேண்டும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒரு சொல் காலந்தோறும் பெற்ற பொருளை மேற்கோள்வழிக் காட்டும். இக்காலத் தரவகங்கள் அதன் சேர்க்கையைக் காட்டும்.

மூன்றாவதாக, சொல்லின் வேரைக் கற்றல் நன்று. அதனையே சான்றாகக் கொள்ளல் தீது. வேர் வழி காட்டும். வழக்கே முடிவு கூறும்.

நான்காவதாக, மறுதலையை நோக்குதல் பெரிதும் பயன் தரும். 'ஹோலி' என்பது மனிதனுக்கும் அடையாகும். 'சேக்ரட்' என்பது அவ்வாறு மனிதனுக்கு வழங்குதல் அரிது. அது இடம், நூல், கடமை முதலியவற்றைத் தனித்து வைத்துப் போற்றுதலைக் குறிக்கும். போப் அடிகள் 1886-இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் பெயரில் 'சேக்ரட்' என்றே வைத்தார். விவிலியத்தோடு ஒட்டி நிற்கும் 'ஹோலி' என்பதை விடுத்து நிற்றலின், குறளின் போற்றத்தக்க தன்மையும் புலனாகின்றது. அதனை வேறொரு சமயத்தின் மறைநூலாக மயங்கவும் இடமில்லையாகின்றது.

ஐந்தாவதாக, ஆய்வுரையில் ஒரு கருத்துக்கு ஒரு சொல்லையே தொடர்ந்து வழங்குதல் வேண்டும். வந்த சொல் மீண்டும் வரலாகாது என்று கருதி அடிதோறும் சொல்லை மாற்றும் பழக்கத்தை ஃபௌலர் எள்ளி நகையாடினார். திணையை ஓரிடத்து ஒரு சொல்லாலும் அடுத்த பத்தியிற் பிறிதொன்றாலும் குறித்தால், இரு வேறு கருத்துக்கள் உளவென்றே வாசகர் கொள்வர். கூறியது கூறல் செய்யுளிற் குற்றமாகலாம். கலைச்சொல் வழக்கில் அதுவே தெளிவு.

இறுதியாக, பொருந்துவது இல்லையெனின் தமிழ்ச்சொல்லையே நிறுத்தி விளக்கம் தருதல் இழுக்கன்று. பொருந்துவது கிடைப்பின் அதன் பயன் பெரிது. ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து 1967-இல் வெளியிட்ட நூலின் பெயரில் 'இண்டீரியர்' என்னும் சொல்லைக் கொண்டார். 'இன்னர்' என்பது உள்ளத்தை எளிதிற் குறிக்கும். 'இன்சைட்' என்பது இடத்தை மட்டும் குறிக்கும். அவர் கொண்ட சொல்லோ வீட்டின் உட்புறத்துக்கும் நாட்டின் உட்பகுதிக்கும் மனத்தின் உள்ளிடத்துக்கும் ஒருங்கே வழங்குவது. மனையும் மனமும் ஆகிய அகம் என்னும் சொல்லுக்கு இதனினும் அணுக்கமான ஆங்கிலச் சொல் காண்டல் அரிது.

முடிவுரை

ஒரு மொழியில் எவ்விரு சொற்களும் எல்லாவிடத்தும் ஒத்த பொருளன அல்ல. இதனை நம் முன்னோர் ஈ, தா, கொடு என்னும் மூன்று சிறு சொற்களால் உணர்த்திப் போயினர். அந்நுண்ணுணர்வைப் பிறமொழிக்கும் உரித்தாக்குதல் நம் கடன். ஆங்கிலச் சொல்லைத் தேர்தல் ஆங்கிலப் புலமையை மட்டும் பொறுத்ததன்று. நம் நூற்பொருளை நாம் எத்துணை அறிந்தோம் என்பதன் தேர்வாகவும் அது அமைகின்றது. 'சப்ளையண்ட்' என்பதை ஏன் விலக்கினோம், 'கம்பேஷன்' என்பதை ஏன் கொண்டோம் என்று கூறவல்ல மாணவர், ஆங்கிலம் ஒன்றனை அன்று, புறநானூற்றையும் திருக்குறளையும் மீண்டும் ஒருமுறை கற்றவர் ஆவர்.